ஏறுமுன் இறங்கும் வழி

வீட்டு முற்றத்திலிருந்து செங்குத்தாக எழுந்து, அங்கேயே இறங்கும் தனியாள் வானூர்தி மனிதனின் நெடுநாட் கனவு. 1961-இல் அமெரிக்காவில் பறந்த பெல் ராக்கெட் கச்சையின் எரிபொருள் சுமார் 20 விநாடிகளே தாங்கியது. சிறு துளைவழி வாயுவைச் சீறவிட்டு அந்தரத்தில் நிற்கப் பேராற்றல் வேண்டும்; அகன்ற விசிறிக்கோ குறைந்த ஆற்றலே போதும்.

இன்று மின்கலத்தால் இயங்கும் பலவிசிறி ஊர்திகள் பறக்கின்றன. ஒரு விசிறி நின்றால் மற்றவை தாங்கும். மின்சாரமே நின்றால்? ஹெலிகாப்டரின் இயந்திரம் நின்றாலும், இறங்கும்போது கீழிருந்து மோதும் காற்றில் அதன் பெரிய விசிறி சுழன்று, பத்திரமாகத் தரைசேர வழியுண்டு. சிறு விசிறிகளுக்கு அத்திறன் இல்லை.

ஆகவே ஏறும் வழிக்கு முன் இறங்கும் வழியையே வரைய வேண்டும் என்பேன். நாளைய பொறியாளர்களாகிய தோழியரே, வேகமும் அழகும் பிறகு. உள்ளே அமர்பவரின் உயிரே முதற்கணக்கு!