இருமலே இல்லை... ஆனாலும் காசநோய்! குழந்தைகளின் முதுகெலும்பு டிபி கண்டுபிடிக்க ஏன் தாமதமாகிறது? கல்வராயன் மலையில் என்ன சிக்கல்?

கீழே விழுந்த பென்சிலை எடுக்கச் சொன்னால், பிள்ளை குனியாமல் முதுகை விறைப்பாக வைத்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுக்கிறதா? பகலில் ஓரளவு விளையாடிவிட்டு, நடுராத்திரி தூக்கத்தில் வீலென்று கத்தி எழுகிறதா? 'எங்கேயாவது விழுந்திருப்பான்', 'புத்தகப் பை கனம்' என்று வீட்டில் சொல்லிக் கடந்துபோகும் இந்த இரண்டும், முதுகெலும்பு காசநோயின் அறிகுறிகளாக இருக்கலாம்.

டிபி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது இருமலும் சளியும்தான். அரசுப் பரிசோதனைகளும் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகின்றன. 2024 டிசம்பர் 7-ம் தேதி 347 மாவட்டங்களில் தொடங்கிய 100 நாள் காசநோய் ஒழிப்பு பிரசாரத்தில், கையடக்க எக்ஸ்-ரே கருவியால் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இருமலே இல்லாத, முதுகில் நோய் உள்ள 6 வயதுக் குழந்தை அந்த வலையில் சிக்காமல் நழுவிவிட வாய்ப்பு அதிகம்.

உள்ளே என்ன நடக்கிறது?

நுரையீரல் வழியாக நுழையும் கிருமி, ரத்தத்தில் கலந்து முதுகெலும்புக்குப் போகிறது. எலும்பு மூட்டுகளைத் தாக்கும் காசநோயில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. கிருமி முள்ளெலும்பின் முன்பக்கத்தை அரிக்க அரிக்க, அந்த எலும்பு முன்னோக்கிச் சரிந்து, முதுகில் கூன் தள்ளுகிறது. சீழ் சேர்ந்து தண்டுவடத்தை அழுத்தினால் கால் தடுமாறும், ஒரு கட்டத்தில் செயலிழக்கும். இதை 1779-லேயே பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் விவரித்துவிட்டார். 'பாட்ஸ் நோய்' என்ற பெயர் அவரால் வந்தது.

சரி, ராத்திரியில் ஏன் அழுகை? விழித்திருக்கும்போது முதுகுத் தசைகள் இறுகி, நோயுற்ற எலும்பை அசையாமல் பிடித்துக்கொள்கின்றன. தூக்கத்தில் அந்தப் பிடி தளர்கிறது. புரண்டு படுத்ததும் வலி.

எக்ஸ்-ரே நார்மல் என்றால் நிம்மதியா?

இல்லை. எலும்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்-ரேயில் தெளிவாகத் தெரியும். ஆரம்பத்திலேயே காட்டுவது எம்.ஆர்.ஐ. அதற்குள் குழந்தை அசையாமல் படுத்திருக்க வேண்டும், சின்னப் பிள்ளைக்கு மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க முடியும். அதனால் கருவி மட்டும் போதாது, மயக்கவியல் மருத்துவரும் வேண்டும்.

படத்தில் சந்தேகம் வந்தால், ஊசி மூலம் திசுவோ சீழோ எடுத்து சிபிநாட் சோதனைக்கு அனுப்புவார்கள். சுமார் 2 மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்று தெரியும். ஆனால் இந்த வகை டிபியில் கிருமிகளின் எண்ணிக்கை ரொம்பக் குறைவு. எனவே 'நெகட்டிவ்' என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை. கிருமி வளர்ப்பு சோதனைக்கு 6 வாரம் வரை ஆகலாம்.

கல்வராயன் மலையில் என்ன சிக்கல்?

2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்தில் இருந்து பிரிந்தது கள்ளக்குறிச்சி மாவட்டம். 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. அதுவரை பெரிய சிகிச்சை என்றால் முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று அலைந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் மலைக் கிராமங்களில் வசிக்கும் மலையாளி பழங்குடி மக்களுக்கு (கேரளத்து மலையாளிகள் அல்ல) அந்தக் கல்லூரியும் மலை இறங்கிப் போக வேண்டிய இடம்தான். 2024-ல் கள்ளச்சாராய மரணங்களுக்குப் பிறகு, இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாலையும் பஸ்ஸும்கூட அங்கே பேச்சுப் பொருளாயின.

எம்.ஆர்.ஐ.க்கு ஒரு நாள், திசு எடுக்க ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள். மூன்று நாள் கூலி போச்சு. முதல் எக்ஸ்-ரே 'நார்மல்' என்று வந்தால் மறுபடி யார் மலை இறங்குவார்கள்? இது அந்தப் பெற்றோரின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது.

மலைப் பிள்ளைகள் பலர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்கள் ராத்திரி அழுதால் கேட்பது அம்மா அல்ல, விடுதிக் காப்பாளர்தான். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு, குனிந்து ஒரு பொருளை எடுக்கச் சொல்லிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. 'வீட்டுல யாருக்காவது டிபி இருந்துச்சா?' என்ற கேள்வியும் எந்த ஸ்கேனுக்கும் குறைந்ததல்ல. குழந்தைக்குக் கிருமி வருவது பெரும்பாலும் கூடவே இருக்கும் பெரியவரிடம் இருந்துதான்.

குணமான பிறகும் கூன் வளருமா?

இதற்குப் பதில் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. அறுவை சிகிச்சை இல்லாமல், வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டே பெரும்பாலானோர் குணமாகலாம் என்பதைச் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தின் நீண்டகால ஆய்வு காட்டியது. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ராஜசேகரன், 61 குழந்தைகளை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-ல் முடிவை வெளியிட்டார். நோய் ஆறிய பிறகும் 39 சதவீதம் பேருக்கு வளர வளர கூன் அதிகமானது. 44 சதவீதம் பேருக்குக் குறைந்தது. யாருக்கு மோசமாகும் என்பதை முன்கூட்டியே காட்டும் 4 எக்ஸ்-ரே அடையாளங்களையும் அவர் வகுத்தார். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சீக்கிரமே அறுவை சிகிச்சை செய்தால் கூன் பெரிதாவதைத் தடுக்கலாம்.

மருந்து குறைந்தது 12 மாதம், அரசு மருத்துவமனையில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். வலி போய்விட்டது என்று மருந்தை நிறுத்தக் கூடாது. மருந்து முடிந்த பிறகும் வளர்ச்சி நிற்கும் வயது வரை அவ்வப்போது முதுகைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தேசிய காசநோய் உதவி எண் 1800 11 6666-ல் கேட்கலாம், கட்டணம் இல்லை. அதுவரை எண்ணெய் போட்டு முதுகை அழுத்தி நீவ மட்டும் வேண்டாம். அரித்துப்போன எலும்பு அந்த அழுத்தத்தைத் தாங்காது.