இரும்பு மிதப்பதும் மூழ்குவதும்

2025ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் விழிஞ்ஞம் துறைமுகத்தினின்று கொச்சி நோக்கிப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் சரக்குக் கப்பல், மறுநாள் ஒருபுறம் சாய்ந்து, 25ஆம் நாள் கடலுள் ஆழ்ந்தது. கப்பலிலிருந்த 24 பேரும் காப்பாற்றப்பெற்றனர். ஆயின், கப்பல் சுமந்து சென்ற பெட்டகங்கள் பல மிதந்து கரை ஒதுங்கின. கப்பலும் இரும்பு, பெட்டகமும் இரும்பு. ஒன்று மூழ்க மற்றொன்று மிதப்பானேன்? கழக்கூட்டத்தில் வாழும் நம் சிறார் இதனை வினவின், பெற்றோர் விடை கூறல் வேண்டுமன்றோ?

நீரில் இறங்கும் பொருள் எவ்வளவு நீரை ஒதுக்குகிறதோ, அந்நீரின் எடைக்கு ஈடான விசையோடு நீர் அதனை மேலே தள்ளுகிறது. ஆழம் மிக மிக நீரின் அழுத்தமும் மிகுவதால், அடிப்புறத்தில் படும் அழுத்தம் மேற்புறத்தினும் பெரிதாகின்றது, அதுவே காரணம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை இது. அவருடைய குளியல் தொட்டிக் கதையை யாவரும் அறிவர். நாம் அதனை விடுப்போம்.

நமக்கு அண்மையிலேயே கடினங்குளம் காயல் இருக்கின்றது. ஆணியின்றி, அயினிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்யும் கெட்டுவள்ளங்கள் கேரளத்துக் காயல்களில் நெல்லும் தேங்காயும் சுமந்தவை. நீர்மட்டத்தில் 60 சதுர மீட்டர் பரப்புள்ள வள்ளம் ஒன்றில் 30 டன் நெல்லை ஏற்றுவோமாக. 30 டன் நன்னீர் என்பது 30 கன மீட்டர். ஆகவே வள்ளம் ஏறத்தாழ அரை மீட்டர் கூடுதலாக அமிழும், அவ்வளவே. விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலிருக்கும்வரை அச்சமில்லை.

பெட்டகத்துக்கும் இதே கணக்குத்தான். 20 அடிப் பெட்டகத்தின் புறக் கன அளவு ஏறக்குறைய 38 கன மீட்டர். அத்துணைக் கடல்நீரின் எடை சுமார் 39 டன். பெட்டகமோ சரக்கோடு சேர்ந்தும் 30 டன் அளவினதே. எனவே, நீர் உட்புகாதவரை அது மிதந்தே தீரும். கப்பலையும் தாங்குவது அதன் வயிற்றிலுள்ள வெற்றிடமே. அவ்விடத்தில் நீர் நிறைந்துவிட்டால், எஞ்சுவது வெறும் இரும்பின் எடை.

வீட்டில் ஒரு வாளி நீரில் எவர்சில்வர் கிண்ணத்தை மிதக்க விடுங்கள், கரண்டியைப் போடுங்கள். கிண்ணம் மிதக்கும், கரண்டி மூழ்கும். பின்னர்க் கிண்ணத்துள் சிறிது நீர் ஊற்றி, அதனை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்நீர் தாழ்ந்த பக்கத்துக்கே ஓடிச் சாய்வை மிகுவிக்கும். கப்பலோட்டிகள் பெரிதும் அஞ்சுவது இதனையே. எமக்கு இச்சோதனை பாடநூற் படங்களினும் இனிதாகத் தோன்றுகின்றது.

அக்கப்பற் சரக்கில் பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன. அவை நீரினும் இலேசானவை. ஆதலின் மூழ்காமல் திருவனந்தபுரம் மாவட்டக் கரைகளிலும் வெண்மணலோடு கலந்து ஒதுங்கின. தொண்டர்கள் மணலைச் சலித்து அவற்றை அகற்றினர். சில பெட்டகங்களில் கால்சியம் கார்பைடு இருந்தது. அது நீர்பட்டால் எரிவளி வெளிப்படும். ஆதலின், கரையில் ஒதுங்கிய பெட்டகம் எதனையும் சிறுவர் அணுகுதலோ தொடுதலோ கூடாது. உடனே காவல் நிலையத்துக்கு அறிவித்தல் வேண்டும்.