பண்டிகை நாளில் வரும் புயல்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் எங்களுக்கு டிசெம்பர் மாதம் பண்டிகைக் காலம் மட்டுமன்று, வாடைக்காற்றின் காலமுமாகும். இவ்விரண்டும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தபோதெல்லாம் நாங்கள் பட்டிருக்கிறோம்.

1964 டிசெம்பர் 22 ஆம் திகதி எங்கள் கரையைத் தாக்கிய புயல்தான் அன்றிரவு கடல் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. 2004 இல் ஆழிப்பேரலை வந்ததும் நத்தாருக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமை, போதாக்குறைக்குப் போயா தினம்.

நான் நேரிற் கண்டது 2000 ஆம் ஆண்டுப் புயல். அவ்வருடம் நத்தார் திங்கட்கிழமை வந்ததால் சனி முதல் மூன்று நாள் விடுமுறை. நோன்புப் பெருநாளுக்கும் ஓரிரு தினங்களே இருந்தன. செய்தியை உறுதிப்படுத்துவதற்காக அலுவலகமொன்றுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டேயிருந்தது, எடுப்பாரில்லை. மாலையில் திருக்கடலூர்க் கரைக்குச் சென்றேன். அங்கே முதியவர் ஒருவர் தம் வள்ளத்தருகே நின்றுகொண்டிருந்தார். வானொலியிற் கேட்டதை அவரிடம் சொன்னேன்.

"மணிக்கு இத்தினை கிலோமீற்றர் எண்டு சொல்லுறாங்கள், சரி. வள்ளத்தை எவ்வளவு தூரம் மேல இழுக்கவேணும் எண்டு ஆரும் சொல்லேல்லையே, தம்பி?" என்றார்.

மறுநாள், டிசெம்பர் 26 இல், புயல் திருகோணமலைக்கு அருகே கரையேறியது. அப்பெரியவரின் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. எச்சரிக்கை என்பது எப்படி அமைய வேண்டும் என்பதற்கு அதனினும் தெளிவான விளக்கத்தை நான் பின்னர் எந்த அறிக்கையிலும் வாசித்ததில்லை.

வசதி குறைந்த நாட்டின் குறைபாடு இது என்று எண்ணிவிட வேண்டாம். 2022 நத்தார் வாரயிறுதியில் அமெரிக்காவையும் கனடாவையும் பெரும் பனிப்புயல் தாக்கியது. பஃபலோ நகரிலும் அதைச் சூழ்ந்த பகுதியிலும் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வாகனங்களுக்குள் அகப்பட்டு மாண்டோரும் அவர்களுள் அடங்குவர். வானிலை அவதானிகள் பல நாள்களுக்கு முன்பே தெளிவாக எச்சரித்திருந்தனர். எனினும் வீதியில் வாகனம் செலுத்துவதைத் தடைசெய்யும் உத்தரவு, புயல் தொடங்கிய வெள்ளிக்கிழமை காலையிற்றான் பிறந்தது. அதற்குள் பலர் வேலைக்குப் புறப்பட்டுவிட்டனர். முன்னறிவிப்பு பிழைக்கவில்லை, அதை உரிய வேளையில் கட்டளையாக மாற்றுவதிலேயே பிழை நேர்ந்தது.

நம் நாட்டில் முன்னேற்றமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆழிப்பேரலைக்குப் பின்னர் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவாயிற்று. 2020 இல் புரெவி புயல் எங்கள் மாவட்டத்திற் கரையேறியபோது ஆயிரக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். அது ஒரு புதன்கிழமை, வேலை நாள்.

ஆனால் 2025 நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, டித்வா புயல் வந்தது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஞாயிறன்று மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்து மூதூர், சேருவில பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன, சில வரவேயில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. தமிழும் அரசகரும மொழியாக இருக்கும் நாட்டில் இது சிறு தவறன்று. விளங்காத மொழியில் வரும் எச்சரிக்கையும் எடுப்பாரில்லாத தொலைபேசியும் ஒன்றுதான்.

ஆகவே நான் கேட்பவை மூன்று. நவம்பர் தொடக்கம் ஜனவரி வரையாவது, கரையோரப் பிரதேச செயலகங்கள் ஒவ்வொன்றிலும் விடுமுறை நாள்களிலும் முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர் கடமையில் இருக்க வேண்டும். சிங்கள அறிவித்தல் வெளிவரும் அதே நிமிடத்தில் தமிழ் அறிவித்தலும் வெளிவர வேண்டும். காற்றின் வேகத்தோடு நிறுத்தாமல், எந்தக் கிராமம் எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும், வள்ளங்களை எங்கே சேர்க்க வேண்டும் என்பதையும் அவ்வறிவித்தல் சொல்ல வேண்டும். இம்மூன்றாவது என் கற்பனையன்று. விளைவை அடிப்படையாகக் கொண்ட எச்சரிக்கை பற்றி உலக வளிமண்டலவியல் அமைப்பு 2015 இலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து இதை வாசிப்போருக்கு ஒரு வேண்டுகோள். பண்டிகைக்கு ஊருக்குத் தொலைபேசி எடுக்கையில், வாழ்த்தோடு கரையோர உறவினரிடம் இதையும் கேளுங்கள்: புயல் வந்தால் எங்கே போவீர்கள்? அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் தெரியுமா? அவர்களுக்கு விடை தெரியாவிட்டால், அதைத் தேடிவைக்க உகந்த நேரம் மழை தொடங்குவதற்கு முந்திய இந்த நாள்களே.