சேர்க்கை ஆணையும் செலவுக் கணக்கும்

மேனிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்தவுடன் தமிழ்நாட்டுப் பெற்றோர்க்குக் கல்லூரிகளினின்று மடல்கள் வரத் தொடங்குகின்றன. 'நும் மகனுக்கு எம் கல்லூரியில் இடம் ஒதுக்கப்பெற்றுள்ளது. இத்தனை நாள்களுக்குள் முன்பணம் கட்டுக' என்பதே அவற்றின் சுருக்கம். மடலைக் கண்ட வீடு மகிழ்கின்றது. தந்தை தம் உறவினர்க்கெல்லாம் அறிவிக்கின்றார்; தாய் தம் கழுத்திலுள்ளதைக் கழற்றித் தர முன்வருகின்றார். மகிழ்ச்சி இயல்பே. ஆயினும் இடம் கிடைத்தது என்பது ஒரு செய்தி. அவ்விடத்திற்கு நான்காண்டுகளும் விலைகொடுக்க நம்மால் இயலுமா என்பது வேறொரு செய்தி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதனாலேயே காணியை விற்றோரும், வட்டியில் மூழ்கினோரும், மூன்றாமாண்டில் படிப்பைக் கைவிட்டோரும் நம்மிடையே உளர். எனவே இச்செய்தியைத் தமிழ்ப் பெற்றோர் சற்று அமைதியாக இருந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கல்விக்கு விலை குறிக்கப்பட்ட வரலாற்றை முதற்கண் அறிந்துகொள்ளுதல் நன்று. அரசின் பொருளுதவியின்றி, மாணவர் கட்டும் கட்டணத்தைக் கொண்டே நடைபெறும் தனியார் பொறியியற் கல்லூரிகள் தமிழ்நாட்டில் 1984ஆம் ஆண்டு தோன்றின. நன்கொடை என்னும் பெயரால் அவை பெற்ற மிகைப் பணத்தைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் ஒரு சட்டம் இயற்றியது. தனியார் கல்லூரிகளின் கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் குழுக்கள் 2003ஆம் ஆண்டின் உச்சநயன்மன்றத் தீர்ப்பின் வழி அமைந்தன. அவ்வாறு தமிழ்நாட்டில் அமைந்த குழு, பொறியியற் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்திற்கு ஆண்டொன்றுக்கு 50,000 உருபாவும், தர ஏற்பிசைவு பெற்ற பாடப்பிரிவிற்கு 55,000 உருபாவும் என 2017இல் வரையறுத்தது. கல்லூரி ஆட்சியரின் ஒதுக்கீட்டு இடத்திற்கோ அத்தொகை 85,000 உருபா. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இவ்வரம்பிற்குள் அடங்கா. அவற்றின் கட்டணம் அவற்றின் விருப்பப்படியே.

ஆக, ஒரே பாடத்தை, ஒரே கூரையின்கீழ், ஒரே ஆசிரியரிடத்துக் கற்கும் இருவர் இருவேறு விலை கொடுக்கின்றனர். எந்த வாயிலின் வழியாக உள்ளே நுழைகின்றோம் என்பதே விலையை முடிவு செய்கின்றது. இவ்வுண்மையைப் பெற்றோருள் பலர் அறியார்.

இனி, உதவி என்னும் சொல்லை ஆராய்வோம். கல்லூரி வாயிலில் இன்று மூவகைச் செய்திகள் இவ்வொரு சொல்லால் குறிக்கப்படுகின்றன. முதலாவது, அரசோ அறக்கட்டளையோ திருப்பிக் கேளாது தரும் உதவித்தொகை. இரண்டாவது, கல்லூரியே தான் வைத்த விலையில் தானே செய்துகொள்ளும் தள்ளுபடி. மூன்றாவது, வைப்பகம் தரும் கடன். முதலாவதே மெய்யான உதவி. இரண்டாவது, துணிக்கடைக்காரர் விலையை ஏற்றி எழுதிப் பின் குறைத்துக் காட்டுவதினும் பெரிதும் வேறுபட்டதன்று. மூன்றாவது, உதவியே அன்று. அது நாளைய வருவாயை இன்றே விற்பது. மூன்றையும் ஒன்றாகக் கூட்டி, 'இவ்வளவு உதவி கிடைக்கின்றது' என்று கல்லூரித் தரகர் கூறுங்கால், பெற்றோர் அவற்றைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் போடுவோம். முதற் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் 2,00,000 உருபா எனக் கொள்க. மாணவன் நல்ல மதிப்பெண் பெற்றவன் என்பதால் கட்டணத்தில் 25 விழுக்காடு குறைக்கின்றனர். எஞ்சுவது 1,50,000. விடுதிக்கும் உணவுக்கும் 1,20,000. தேர்வு, நூல், உடை, பயணம் முதலியவற்றிற்கு 30,000. ஆண்டுச் செலவு 3,00,000 உருபா. இரண்டாம் கல்லூரியில் கலந்தாய்வு வழியாக அரசு ஒதுக்கீட்டில் இடம். கட்டணம் 55,000, வீட்டிலிருந்தே சென்றுவரப் பேருந்திற்கு 25,000, பிற செலவு 20,000. ஆண்டுச் செலவு 1,00,000 உருபா. முதற் கல்லூரி ஆண்டுக்கு 50,000 உருபா 'உதவி' தருகின்றது. இரண்டாவது ஒன்றும் தரவில்லை. ஆயினும் நான்காண்டு முடிவில் முதலாவதன் செலவு 12 இலக்கம். இரண்டாவதன் செலவு 4 இலக்கம். உதவியின் அளவைப் பார்த்து மயங்குதல் கூடாது. உதவி போக எஞ்சும் செலவையே பார்த்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இன்னும் ஒன்று. அத் தள்ளுபடி முதலாண்டிற்கு மட்டுமா, நான்காண்டிற்குமா? ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட மதிப்பெண் பெற்றால்தான் தொடருமா? ஒரு பாடத்தில் தவறினால் என்ன ஆகும்? முதலாண்டோடு அஃது நின்றுவிடின், மேற்கூறிய 12 இலக்கம் 13.5 இலக்கமாகிவிடும். ஆகையால் இவ்வினாக்களுக்கான விடைகளை வாய்மொழியாக அன்றி எழுத்தில் பெறுதல் வேண்டும். எழுதித்தர மறுக்கும் கல்லூரி, தான் கூறுவதைத் தானே நம்பவில்லை என்க.

கடனைப் பற்றிய கணக்கு இன்னும் கூர்மையானது. கல்விக்கடனுக்கென வைப்பகங்கள் பின்பற்றும் முன்மாதிரித் திட்டப்படி, 4 இலக்கம் உருபா வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்டல் ஆகாது. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டுவதில்லை. இதனைக் கேட்டவுடன் பலர், அக்காலத்தில் வட்டியும் இல்லையென்று எண்ணிவிடுகின்றனர். வட்டி உண்டு. ஆண்டுக்கு ஓர் இலக்கமாக நான்காண்டில் 4 இலக்கம் பெற்றதாகவும், வட்டி 10 விழுக்காடு எனவும் கொள்வோம். தவணை தொடங்கும் நாளில் தனிவட்டியே 1,40,000 உருபா சேர்ந்திருக்கும். 5,40,000 உருபாவைப் பத்தாண்டுகளில் அடைப்பதாயின் திங்கள்தோறும் ஏறத்தாழ 7,100 உருபா கட்டல் வேண்டும். முடிவில் கட்டிய மொத்தத் தொகை எட்டரை இலக்கத்திற்கு மேல். புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞனுக்குத் திங்களுக்கு 20,000 உருபா சம்பளம் எனின், அதில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் கடனுக்கே போய்விடும். எஞ்சியதில் அவன் நகரத்தில் வாடகை கொடுத்து, உண்டு, ஊருக்கும் அனுப்புதல் வேண்டும். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவரும் குடும்பம், இதே கடனில் ஏறத்தாழ 80,000 உருபாவை மிச்சப்படுத்தலாம். முதலாண்டில் அதற்குத் திங்களுக்கு ஆயிரம் உருபாவிற்கும் குறைவாகவே ஆகும்.

குறைந்த வருவாயுடையார்க்குப் படிப்புக்கால வட்டியைத் தான் ஏற்கும் திட்டத்தை நடுவணரசு 2009இல் கொணர்ந்தது. பெற்றோரின் ஆண்டு வருவாய் நாலரை இலக்கத்திற்கு மிகாதிருத்தல் வேண்டும் என்பது அதன் வரம்பு. கடன் வாங்கும் நாளிலேயே, தம் படிப்பிற்கும் கல்லூரிக்கும் அது பொருந்துமா என வைப்பகத்தில் கேட்டு, வருவாய்ச் சான்றிதழையும் கொடுத்துவைத்தல் வேண்டும். பின்னர்க் கேட்டு அலைவதில் பயனில்லை.

இனி, தலையாய செய்திக்கு வருவோம். மெய்யான உதவிகளுட் பெரும்பாலன கலந்தாய்வு வழியாகச் சேர்வோர்க்கே உரியன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்பிற்குச் செல்வோர்க்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010இல் வந்தது; அஃது ஒற்றைச்சாளர முறையில் சேர்ந்தோர்க்கே உரியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு 7.5 விழுக்காடு உள்ளொதுக்கீடு 2020இல் மருத்துவத்திற்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகட்கும் வந்தது. அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் கலந்தாய்வுக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என 2021இல் அறிவிக்கப்பெற்றது. இவ்வுரிமையுடைய மாணவன் ஒருவன், கலந்தாய்விற்கு முன்னரே வந்த மடலை நம்பி ஆட்சியர் ஒதுக்கீட்டில் சேர்ந்துவிடின், பல இலக்கம் உருபா பெறுமானமுள்ள உரிமையைத் தன் கையாலேயே விட்டுவிடுகின்றான். சிற்றூர்களில் இஃது ஆண்டுதோறும் நிகழ்கின்றது. 'இன்றே கட்டாவிடில் இடம் போய்விடும்' என்னும் அச்சுறுத்தலே இதற்குக் கரணியம்.

அச்சம் தேவையில்லை. முன்பணம் கட்டியவர் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தருதல் வேண்டும் என்பது பல்கலைக்கழக நல்கைக் குழு 2018இல் வெளியிட்ட அறிவிக்கை. சேர்க்கையின் இறுதி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், சிறு செயற்பாட்டுச் செலவு நீங்கலாக முழுத்தொகையும் திரும்பல் வேண்டும். நாள் செல்லச்செல்ல அது குறையும். இறுதி நாள் கடந்து முப்பது நாளுக்குப்பின் ஒன்றும் இல்லை. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளலும் ஆகாது என அதே அறிவிக்கை கூறுகின்றது. சான்றிதழைப் பிணையாக்கி மாணவனைச் சிறைப்படுத்தும் கல்லூரியை எதிர்த்து முறையிட இவ்வறிவிக்கை பெற்றோர்க்குத் துணையாகும்.

செலவு குறைந்ததே சிறந்தது என்று யாம் கூறவில்லை. ஆசிரியரில்லாத கல்லூரி, கட்டணமே இல்லாவிடினும் விலை மிகுந்ததுதான். அங்கு இழப்பது மாணவனின் நான்கு ஆண்டுகள். அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகின்றது. அதனைப் பார்த்தல் வேண்டும். அக்கல்லூரியில் இப்பொழுது பயிலும் மாணவர் இருவரையேனும் கண்டு, வகுப்பு நடக்கின்றதா, ஆய்வுக்கூடம் திறந்திருக்கின்றதா எனக் கேட்டல் வேண்டும். வேலைவாய்ப்பு விளம்பரங்களில் காட்டப்பெறும் மிகவுயர்ந்த சம்பளம் ஒருவனுக்குக் கிடைத்ததாயிருக்கும். நடுவில் நிற்கும் மாணவனுக்குக் கிடைத்தது எவ்வளவு என்று கேட்டல் வேண்டும். இவ்வளவும் ஆராய்ந்தபின், மிகைச் செலவுக்கேற்ற மிகைப் பயன் உண்டெனத் தெளிந்தால், அளவறிந்து கடன் பெறுதலில் தவறில்லை. வருவாய் வரும் வழியையும் அது போகும் வழியையும் ஒருங்கே வைத்து எண்ணச் சொன்னவர் நம் வள்ளுவர்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளை இழிவாக எண்ணும் மனநிலையும் மாறுதல் வேண்டும். தமிழ்வழிப் படிப்பு என்றாலே அது வேறு வழியற்றோர்க்குரியது என்னும் பொய்க்கருத்து நம்மவர் உள்ளத்தில் ஊறியிருக்கின்றது. தமிழ்வழியிற் பயின்றோர்க்கு அரசுப் பணியமர்த்தத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பள்ளிப்படிப்பு முதலே தமிழ்வழியில் பயின்றிருத்தல் வேண்டும். அரசுப் பள்ளி மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 உருபா வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பெற்றன. அரசுதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றோர்க்கும் அவை நீட்டிக்கப்பெற்றன. ஆக, தமிழில் கற்றவனுக்குத் தாய்மொழியறிவோடு பொருளியல் துணையும் உண்டு. இதனைக் கணக்கிற் சேர்க்காது விடுதல் அறியாமையாகும்.

ஒரு கொடுமையையும் இங்குச் சுட்டாதிருத்தல் இயலாது. மகனுக்கு 12 இலக்கம் செலவிட்டு இடம் வாங்கிய வீட்டில், ஈராண்டு கழித்து மகள் நல்ல மதிப்பெண்ணோடு நிற்குங்கால், 'உனக்குப் பணமில்லை. அருகிலுள்ளதில் ஏதேனும் படி, அல்லது இருந்துவிடு' என்கின்றனர். மகனுக்கு வந்த மடலின் விலையை மெய்யாகவே கொடுப்பவள் அவள்தான். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை முடிவு செய்யும் நாளில், அடுத்த பிள்ளையின் படிப்பையும் அதே தாளில் எழுதிக் கணக்கிடுதல் வேண்டும். அவ்வாறு எழுதும் வீட்டில் பெருஞ்செலவு மடல்களுட் பல தாமாகவே தள்ளுண்டு போகும்.

பெற்றோரைக் குறைகூறி அரசையும் கல்லூரிகளையும் விட்டுவிடல் முறையன்று. ஒவ்வொரு கல்லூரியும் தன் முழுப் படிப்புக்காலச் செலவையும், சலுகைக்குரிய கட்டுப்பாடுகளையும், தமிழில், ஒரே தாளில் அச்சிட்டுச் சேர்க்கைக்கு முன் பெற்றோர் கையிற் கொடுத்தல் வேண்டும். உதவித்தொகைகள் கட்டண நாளுக்கு முன்னரே மாணவனைச் சேருமாறு அரசு செய்தல் வேண்டும். பசித்த நாளில் வராத உணவு பின்னர் வந்து பயனென்ன? மதிப்பூதிய விரிவுரையாளரைக் கொண்டே காலந்தள்ளாது, அரசுக் கல்லூரிகளில் நிலையான ஆசிரியரை அமர்த்துதல் வேண்டும். நல்ல அரசுக் கல்லூரி அருகிலிருப்பின், தரகனின் மடலுக்கு மயங்குவார் எவர்?

தமிழ்ப் பெற்றோரே! மடல் வந்த அன்றே பணம் கட்டாதீர். ஒரு தாளை எடுத்து நான்காண்டுச் செலவையும் எழுதுங்கள். அதினின்று மெய்யான உதவியை மட்டும் கழியுங்கள். எஞ்சியதில் கடன் எவ்வளவு, அதன் தவணை எவ்வளவு என எழுதுங்கள். அத்தாளை மகனுக்கும் மகளுக்கும் காட்டுங்கள். பதினேழு அகவை நிரம்பிய பிள்ளைக்குக் குடும்பத்தின் கணக்கு புரியும். கலந்தாய்வு முடியும்வரை பொறுத்திருங்கள். ஐயம் உள்ளவர் தம் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரையோ, கல்லூரியில் பயின்று திரும்பிய இளைஞரையோ கேளுங்கள். நம் அன்பர்களும் மன்றந்தோறும் கோடை விடுமுறையில் ஒரு நாள் அமர்ந்து, வரும் பெற்றோர்க்கு இக்கணக்கைப் போட்டுக் காட்டும் தொண்டினை மேற்கொள்வார்களாக. ஒரு குடும்பத்தின் காணி விற்கப்படாமல் நின்றாலும் அத்தொண்டு பயனுடையதே.