தெருவுக்கு ஏற்ற எஞ்சின்

இந்த ஆண்டுப் பொங்கல் விழாவில் என்னைப் பார்த்த அன்பர்கள் பலரும் கேட்ட முதல் கேள்வி, "சார், புல்லட் எங்கே?" என்பதுதான். மண்டப வாசலில் நிறுத்தியிருந்த 125 சிசி வண்டியைக் காட்டினேன். ஒரு நண்பர் துக்கம் விசாரிப்பவர்போல என் தோளைத் தொட்டார். எங்கள் காலனிக் காவலாளியோ முதல் நாளே, "காய் சாஹேப், புல்லட் குட்டே கேலி?" என்று கேட்டுவிட்டார். மராத்தியில் 'கேலி' என்றால் 'போயிற்று' என்று பொருள். என் காதில் என்னவோ அது நம் தமிழ்க் கேலியாகத்தான் விழுந்தது.

தனித்தனியே பதில் சொல்வதைவிட நம் பத்திரிகையில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் வண்டிக் கதையைச் சொல்வது மட்டும் நோக்கமல்ல. புணேயில் நம் குடும்பங்களில் இரண்டு வயதினர் இன்று கனமான மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு சாரார் என்னைப்போல் அறுபதைத் தாண்டியும் பழைய வண்டியை விட மனமில்லாதவர்கள். மற்றொரு சாரார் ஹிஞ்சவடியில் முதல் வேலை கிடைத்த கையோடு மாதத் தவணையில் பெரிய வண்டி எடுக்கும் பிள்ளைகள். இரு சாராருக்கும் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஊருக்குள் ஓட்டுவதற்குச் சிறிய எஞ்சினே சரி.

புல்லட்டின் அருமை தெரியாமல் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1992-இல் பிராவிடண்ட் ஃபண்டில் கடன் போட்டுச் சென்னையில் வாங்கினேன். டாங்கிலிருந்த பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, ரயில் பார்சலில் புணேக்கு ஏற்றி வந்தேன். ராயல் என்ஃபீல்டு ஆங்கிலேயர் பெயர்தான். ஆனால் 1955-இலிருந்து சென்னையில் உருவான வண்டி அது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையைத் தெரியாத வடசென்னைக்காரர் உண்டா? வேற்றூரில் அதன் 'டப் டப்' சத்தம் கேட்டால் நம் ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். 346 சிசி, 18 குதிரைத்திறன். உதைத்துக் கிளப்புவதற்கே ஒரு முறை உண்டு. ஆம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, டீகம்ப்ரஸரை அழுத்தி, பிறகு முழு எடையையும் போட்டு ஓர் உதை. முறை தவறினால் கணுக்காலைத் திருப்பி அடிக்கும். முப்பது வருஷம் இதைச் செய்து வந்தேன், சந்தோஷமாகவே.

வண்டி மாறவில்லை. ஊர் மாறியது, நானும் மாறினேன். 1992-இல் கோர்படியிலிருந்து ஹடப்சர் போவது காற்று வாங்கப் போவதுபோல. இன்று அதே சோலாப்பூர் ரோட்டில் இரண்டாவது கியருக்குமேல் போட வாய்ப்பிருந்தால் அதிருஷ்டம். க்ளட்சைப் பிடித்துப் பிடித்து இடது மணிக்கட்டு வீங்கும். மெதுவாக ஊரும் பெரிய எஞ்சினுக்குக் காற்று கிடைக்காது. அதன் சூடெல்லாம் நம் முழங்காலுக்கு வரும்.

2023 மழைக்காலத்தில் ஒரு மாலை. நானும் மனைவியும் ஹடப்சரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஃபாத்திமா நகர் சிக்னலில் சிவப்பு விழுந்தது, நிறுத்தினேன். ஊன்றிய இடது கால், தண்ணீர் தேங்கி மறைந்திருந்த பள்ளத்தில் இறங்கிவிட்டது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. புடவை கட்டி ஒருபக்கமாக அமர்ந்திருந்த மனைவியின் பாரமும் அதே பக்கம். வாலிபத்தில் இடுப்பை ஓர் எக்கு எக்கி நிமிர்த்தியிருப்பேன். அறுபத்து மூன்று வயதில் முடியவில்லை. மூவரும் விழுந்தோம், வண்டியையும் சேர்த்துச் சொல்கிறேன். அதைத் தூக்கி என் காலை விடுவிக்க மூன்று இளைஞர்கள் தேவைப்பட்டார்கள். எனக்குச் சிராய்ப்பு. மனைவிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவள் கோபப்படவில்லை. "ஓடும்போது உங்க எஞ்சின் தாங்கும், சரி. நிக்கும்போது யார் தாங்கறது? உங்க இடது கால்தானே?" என்று கேட்டாள். டிப்ளமோ படித்து, நாற்பது வருஷம் எஞ்சின்களோடு வாழ்ந்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. வண்டி வாங்கும்போது நாம் எல்லோரும் ஓடும் வண்டியைத்தான் கற்பனை செய்கிறோம். ஊருக்குள் வண்டி பாதி நேரம் நிற்கிறது, மீதி நேரம் ஊர்கிறது. அந்த விபத்தில் எங்கள் வேகம் மணிக்குப் பூஜ்யம் கிலோமீட்டர்.

வீட்டுக்கு வந்து காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். 125 சிசி வண்டி ஏறத்தாழ 115 கிலோ. நாங்கள் இருவரும் சேர்ந்தால் மொத்தம் 250 கிலோ அளவு. சமதளச் சாலையில் இந்தப் பாரத்தை மணிக்கு 40 கிலோமீட்டரில் இழுக்க, சக்கர உராய்வும் காற்றுத் தடையும் சேர்த்து, சுமார் 2 குதிரைத்திறன் போதும். 60 கிலோமீட்டருக்குச் சுமார் 4. இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் 40-இல் ஏற வேண்டுமானால் கூடுதலாக 2. 125 சிசி எஞ்சினோ பத்துக் குதிரைத்திறனைத் தொடுகிறது. நகர எல்லைக்குள் மோட்டார் சைக்கிளுக்கு 2018-இல் மத்திய அரசு வகுத்த உச்ச வேகமே மணிக்கு 60 கிலோமீட்டர்தான். அப்படியானால் இத்தனை வருஷமாக என் 18 குதிரைகளில் பதினான்கு, தெருவில் வேலையின்றி நின்று தீனி தின்றிருக்கின்றன!

ரயில்வேக்காரனுக்கு இது புதிதாகத் தெரிந்திருக்கக் கூடாது. கர்ஜத்திலிருந்து லோனாவ்லா வரை போர்காட் மலைப்பாதை. 37 அடி போனால் ஓர் அடி ஏறும். 1863-இல் திறந்த பாதை. மும்பையிலிருந்து வரும் பல ரயில்களுக்குக் கர்ஜத்தில் பின்னால் தள்ளு எஞ்சின்களைச் சேர்ப்பார்கள். லோனாவ்லா வந்ததும் கழற்றிவிடுவார்கள். அவற்றைப் புணே வரை யாரும் இழுத்து வருவதில்லை, ஏற்றம் முடிந்தபின் அவற்றுக்கு வேலையில்லை. டீசல் ஷெட்டிலும் அப்படியே. அந்நாளில் 2600 குதிரைத்திறன் டபிள்யூ.டி.எம்.2 எஞ்சின் நெடுந்தூர ரயிலை இழுத்தது. யார்டில் பெட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்த 700 குதிரைத்திறன் ஷண்டர் போதும். ஷண்டிங் வேலைக்குப் பெரிய எஞ்சினைக் கேட்டால் மேலதிகாரி விளக்கம் கேட்பார். நான் தினமும் காய்கறிக்கடைக்கும் பேங்குக்கும் செய்வது ஷண்டிங் வேலைதான். எனக்கு விளக்கம் கேட்க மனைவியின் மாவுக்கட்டு வேண்டியிருந்தது.

மாறுவது எளிது என்று சொல்ல மாட்டேன். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது வண்டியில் நேர்மாறு. முதல் வாரம் ஒரு நாய் குறுக்கே வந்தபோது பிரேக் என்று நினைத்து இடது காலை அழுத்தினேன். கியர்தான் மாறியது. நல்லவேளை, நாய்க்கு என்னைவிடப் புத்தி இருந்தது. அதன்பின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் விடியற்காலையில் காலி மைதானத்தில் பையனைப்போல் வட்டமடித்துப் பழகினேன். பழைய புல்லட்டிலிருந்து மாறும் எவரும் இதைச் செய்யாமல் சாலைக்கு வரக்கூடாது.

பழகியபின் கண்ட பலன்களைச் சொல்கிறேன். பட்டனைத் தொட்டால் கிளம்புகிறது. சிக்னலில் இரு காலும் தரையில் சமமாகப் பதிகின்றன. குறுகிய சந்தில் நின்ற இடத்திலேயே தள்ளித் திருப்ப முடிகிறது. புல்லட் ஊருக்குள் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கொடுத்தது, இது 55 கொடுக்கிறது. மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டும் எனக்கு ஒன்பது லிட்டர் மிச்சம். பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டிய காலத்தில் பென்ஷன்காரருக்கு அது சிறிய தொகை அல்ல. எல்லாவற்றையும்விடப் பெரிய பலன், மனைவி மறுபடி பின்னால் உட்காரச் சம்மதித்தது. அதற்கு எட்டு மாதம் ஆயிற்று.

மறுத்துப் பேசுபவர்களுக்கும் நியாயம் உண்டு. நெடுஞ்சாலையில் கனமான வண்டி காற்றுக்கு ஆடாது, எஞ்சின் திணறாது என்பார்கள். உண்மை. வாரந்தோறும் சாத்தாராவுக்கோ நாசிக்குக்கோ போகிறவர் பெரிய வண்டியே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் நம்மில் எத்தனை பேர் அப்படி? மும்பை எக்ஸ்பிரஸ்வேயில் இரு சக்கர வாகனத்துக்கு அனுமதியே கிடையாது. சொந்த ஊருக்குப் போகச் சோலாப்பூர், வாடி, குண்டக்கல் வழியாக ரயில் இருக்கிறது. ரயில்வேக்காரன் சொல்கிறேன், அதில் போங்கள்.

இன்னொரு வாதம் பிரேக் பற்றியது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. 125-க்கும் அதற்குக் கீழும் இரு பிரேக்குகளும் சேர்ந்து பிடிக்கும் இணைப்பு முறை போதும் என்று விட்டார்கள். இது குறைதான். ஆகவே சிறிய வண்டியிலும் ஏ.பி.எஸ். உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்காவது இருக்கட்டும். 'சின்ன எஞ்சின்தானே' என்று அலட்சியமும் கூடாது. அந்நாளில் பறந்த யமஹா ஆர்.எக்ஸ்.100 வெறும் 98 சிசிதான். வேகம் இருமடங்கானால் மோதலின் பலம் நான்கு மடங்கு. இந்த விதி சிசி பார்ப்பதில்லை. பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். ஹெல்மெட் என்றாலே முகம் சுளிக்கும் இந்த ஊரில், நம் வீட்டிலாவது அந்தப் பேச்சு வேண்டாம்.

இனி பிள்ளைகள் விஷயம். ஊரிலிருந்து தனியாக வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன் இரண்டு லட்ச ரூபாய் வண்டியைத் தவணையில் எடுக்கிறான். 190 கிலோவுக்கு மேல் எடை. அதில் தினமும் வாக்கட் நெரிசலில் ஊர்ந்து ஹிஞ்சவடி போகிறான். விழுந்தால் தூக்க அப்பா அம்மா பக்கத்தில் இல்லை. அவன் சம்பாத்தியம், அவன் ஆசை. தடுக்க நாம் யார் என்று பெற்றோர் சும்மா இருந்துவிடுகிறார்கள். தடுக்க வேண்டாம். "முதல் இரண்டு வருஷம் சின்ன வண்டி ஓட்டு. இந்த ஊர்ச் சாலை பழகட்டும், கையில் கொஞ்சம் காசும் சேரட்டும். அப்புறம் உன் இஷ்டம்" என்று சொல்லிப் பாருங்கள். என் மகன் கல்லூரியில் படித்த காலத்தில் புல்லட்டை நானே பெருமையாக அவன் கையில் கொடுத்தேன். கியரும் பிரேக்கும் இடம் மாறிய அந்த வண்டியில் அவன் ஒரு கீறலும் இல்லாமல் தப்பியது அவன் அதிருஷ்டம். என் புத்திசாலித்தனம் அல்ல.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐம்பத்தைந்து வயதுக்குமேல் லைசென்ஸை ஐந்து ஐந்து வருஷமாகத்தான் புதுப்பிக்கிறார்கள், டாக்டர் சான்றிதழும் கேட்கிறார்கள். அது வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். புதுப்பிக்கும் அன்று உங்களுக்கு நீங்களே ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியைத் தட்டையான தரையில் ஒரு முழம் சாய்த்து, தனியாக நிமிர்த்திப் பாருங்கள். பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். முடியவில்லையென்றால் அது உங்கள் வண்டி அல்ல, உங்கள் ஞாபகங்களின் வண்டி. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று நம் பெரியவர்கள் பணத்துக்கு மட்டும் சொல்லி வைக்கவில்லை.

புல்லட்டை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டி என்பதால் பதிவைப் புதுப்பித்துச் சுற்றுச்சூழல் வரியும் கட்டி வந்தேன். பழைய இரும்புக்குப் போட மனம் ஒப்பவில்லை. திண்டிவனம் பக்கத்தில் என் மைத்துனர் மகன் விவசாயம் பார்க்கிறான். ஏரிக்கரைச் சாலையில் ஓட்ட ஆசைப்பட்டான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, முப்பது வருஷத்துக்குமுன் செய்ததுபோலவே பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, புணே ஸ்டேஷனில் பார்சல் புக் செய்தேன். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் சற்று நேரம் நின்றது உண்மை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து சின்ன வண்டியைக் கிளப்பினேன், அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வழியில் நான்கு சிக்னல்கள். நான்கிலும் இரு காலையும் ஊன்றி நின்றேன்.