பூங்காவைப் பூட்டினா காசு மிச்சமா?

போன வாரம் எனக்கும் ரூம்மேட்டுக்கும் ஒரு சண்டை. இன்னிக்கு சாம்பார் யாரு வைக்கிறதுங்கிற வழக்கமான சண்டை இல்லீங்க, கொஞ்சம் அறிவுபூர்வமானது :-) "மச்சி, கலிபோர்னியாவுல நாம கட்டுற வரிக்கு அளவே இல்ல. ஆளே போகாத காட்டுக்கு எதுக்குடா ரேஞ்சர், கக்கூஸ், டிக்கெட் கவுன்ட்டர் எல்லாம்? நாலு பூங்காவை இழுத்து மூடினா எவ்ளோ மிச்சம்!" அப்படின்னான். அந்த நேரத்துல எனக்குச் சரியா பதில் வரல. பாத்திரம் கழுவும்போதுதான் வந்தது. நமக்கு எப்பவுமே அப்படித்தான்.

அவன் சொன்னது ஒண்ணும் புது ஐடியா இல்ல. 2011 மே மாசம் கலிபோர்னியா அரசே இதை அறிவிச்சது. மொத்தம் 278 மாநிலப் பூங்காக்கள், அதுல 70ஐ மூடப்போறோம், வருஷத்துக்கு 2 கோடியே 20 லட்சம் டாலர் மிச்சம்னாங்க. நாங்க அப்பப்போ நடக்கப் போற ஹென்றி கோ பூங்காவும் அந்தப் பட்டியல்ல இருந்தது. கிட்டத்தட்ட 87,000 ஏக்கர். கேட்டுக்குப் பூட்டுப் போடலாம், ஏக்கருக்கு எப்படிப் பூட்டுப் போடுறது? தீப்பிடிச்சா ஓடணும், எவனாவது உள்ளே புகுந்து கட்டடத்தை உடைச்சா சரிபண்ணணும். மூடினாலும் செலவு முழுசா நிக்காது. சுத்தமா நிக்கிறது நுழைவுக் கட்டணமும் கூடாரம் போட வாங்குற வாடகையும்தான்.

என் பழைய ஆபீஸ்ல (பேரு வேண்டாம், விடுங்க) சிக்கனம்னு சொல்லி காபி மெஷினைத் தூக்கிட்டாங்க. அன்னிலேர்ந்து மொத்த டீமும் காபிக்காக ரோட்டைத் தாண்டிப் போய் முக்கால் மணி நேரம் கழிச்சு வரும். காபித்தூள் செலவு பூஜ்யம்னு மேனேஜர் ஸ்லைடு போட்டுக் காட்டினார். அந்த முக்கால் மணி நேரத்துக்கு எக்செல்ல காலமே கிடையாது.

பூங்காக் கணக்குலயும் அதே மாதிரி ஒரு காலம் இல்லாம போயிருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி யோசெமிட்டி போனப்போ குரோவ்லாண்ட் பக்கத்துல ஒரு சின்ன மோட்டல்ல தங்கினோம். நடத்துறது ஒரு குஜராத்தி ஆன்ட்டி. (அமெரிக்காவுல மோட்டல்னாலே படேல்தான்னு சும்மாவா சொல்றாங்க!) சாயா போட்டுக் கொடுத்துட்டு 2013 கதையைச் சொன்னாங்க. அந்த ஆகஸ்ட்ல ரிம் ஃபயர்னு பெரிய காட்டுத்தீ. அந்தப் பக்கத்துலேர்ந்து யோசெமிட்டிக்குப் போற 120ஆம் நெடுஞ்சாலையை மூடிட்டாங்க, கோடை சீசன் போச்சு. சரி, அக்டோபர்ல கொஞ்சம் தேத்திடலாம்னு பார்த்தா, ஒண்ணாம் தேதி அமெரிக்க அரசாங்கமே இழுத்து மூடிடுச்சு. பட்ஜெட் தகராறு. பெரும்பாலான தேசியப் பூங்காக்கள் 16 நாள் மூடிக் கிடந்தது. "பேட்டா, தீயாவது சொல்லாம வந்தது, இவங்க தேதி சொல்லிட்டு மூடினாங்க"ன்னாங்க ஆன்ட்டி. ரூம் சுத்தம் பண்ற ரெண்டு பெண்களை வரவேண்டாம்னு அவங்க சொல்ல வேண்டியதாப் போச்சு.

அது சிக்கனத்துக்காக மூடினது இல்லதான், ஒத்துக்கறேன். ஆனா மூடினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க அதைவிட நல்ல டெஸ்ட் கேஸ் கிடைக்காது. தேசியப் பூங்காத் துறையே பிற்பாடு கணக்குப் போட்டு வெளியிட்டது. அந்த அக்டோபர்ல வழக்கத்தைவிட 78 லட்சம் பேர் குறைவு. பூங்காக்களைச் சுத்தியிருக்கிற ஊர்களுக்கு 41 கோடியே 40 லட்சம் டாலர் வியாபாரம் நஷ்டம். சரி, அரசாங்கத்துக்காவது மிச்சமான்னா, அதுவும் இல்ல. வேலை நிறுத்தி வைச்ச நாட்களுக்கும் ஊழியர்களுக்குப் பின்னாடி சம்பளம் கொடுத்துட்டாங்க. அது நியாயம்தான். ஆன்ட்டி மோட்டல்ல ரூம் சுத்தம் பண்ணின அந்த ரெண்டு பேருக்கு யாரும் கொடுக்கல.

யூட்டா, அரிசோனா மாதிரி ஆறு மாநிலங்கள் பொறுத்துப் பார்த்துட்டு, நாங்களே காசு தர்றோம், திறந்து விடுங்கன்னு போய் நின்னாங்க. கிராண்ட் கேன்யனைத் திறந்து வைக்க அரிசோனா கொடுத்தது ஒரு நாளைக்கு 93,000 டாலர். அந்த ஆறு மாநிலங்களும் கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் 10 டாலர் வியாபாரம் நடந்ததுன்னு அதே அறிக்கை சொல்லுது. கலிபோர்னியா அந்த லிஸ்ட்ல இல்ல.

இங்கேதான் ரூம்மேட் ஒரு நல்ல பாயிண்ட் போட்டான். "பூங்கா மூடியிருந்தா அவன் வீட்லயா உக்காந்திருப்பான்? லாஸ் வேகாஸ் போய் செலவு பண்ணுவான். காசு எங்கேயும் ஓடிப்போகலையேடா?" உண்மைதான். நாடு மொத்தத்துக்கும் பார்த்தா நஷ்டம் 41 கோடி இருக்காது, கொஞ்சம் இங்கேர்ந்து அங்கே நகர்ந்திருக்கும். ஆனா குரோவ்லாண்ட்ல வேகாஸ் இல்லியே. அங்கே இருக்கிறது மலைப்பாதை, பெட்ரோல் பங்க், நாலு மோட்டல், ரெண்டு சாப்பாட்டுக்கடை. நகர்ந்து போற காசு எப்பவும் சின்ன ஊர்லேர்ந்து பெரிய ஊருக்குத்தான் போகுது. அந்த ஊருக்கு வேற தொழில் இருந்தாத்தானே சமாளிக்கும்?

மறுபடி அந்த 70 பூங்காக்களுக்கு வர்றேன். ஊர்க்காரங்க விடல. சில இடங்கள்ல தொண்டு அமைப்புகளே நடத்த முன்வந்தாங்க, எழுத்தாளர் ஜாக் லண்டனோட பண்ணை இருக்கிற பூங்கா அப்படித்தான் தப்பிச்சது. ஹென்றி கோவுக்கு நன்கொடையாளர்கள் பணம் போட்டாங்க. கடைசியில கிட்டத்தட்ட எல்லாமே தப்பிச்சது. அப்புறம் 2012 ஜூலையில வந்தது பாருங்க சேதி. பூங்காத் துறைகிட்ட ரெண்டு நிதிகள்ல சேர்த்து 5 கோடியே 40 லட்சம் டாலர் பட்ஜெட்காரங்களுக்குச் சொல்லப்படாமலே இருந்திருக்கு! அதுல பெரும்பகுதி கரடுமுரடுப் பாதையில வண்டி ஓட்டுறவங்களுக்கான தனி நிதி. ஆனா சுமார் 2 கோடி டாலர் பூங்காக்களுக்கே உரிய நிதி. மூடி மிச்சம்பிடிக்கிறோம்னு சொன்ன தொகையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். துறை இயக்குனர் ராஜினாமா பண்ணினார். உண்டியல் குலுக்கின ஜனங்க காதுல புகை வந்தது.

இதை ரூம்மேட்கிட்ட சொன்னதுக்கு, "அப்போ தப்பு கணக்கு எழுதினவன் மேல, பூங்கா மேல இல்ல"ன்னு மட்டும் ஒத்துக்கிட்டான். வரி அதிகம்ங்கிறதுல இன்னும் உறுதியாத்தான் இருக்கான். எனக்கும் அதுல பெருசா கருத்து வேறுபாடு கிடையாது :-)

வர்ற சனிக்கிழமை ரெண்டு பேரும் ஹென்றி கோ போறோம். நுழைவுக் கட்டணம் அவன் பொறுப்பு, மார்கன் ஹில்ல மதியச் சாப்பாடு என் பொறுப்பு.