குழந்தையின் கண்ணில் ஏதோ சரியில்லைன்னு தோணுதா? 'பெரிசானா சரியாகிடும்' என்று ஏன் காத்திருக்கக் கூடாது?

டிவிக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நிற்கிறது. போட்டோவுக்குச் சிரிக்கும்போது ஒரு கண் மட்டும் மூக்குப் பக்கம் ஒதுங்குகிறது. வெயிலுக்கு வந்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறது. வானூர் மாதிரி ஓர் ஊரில் ஒரு அம்மா இதை வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்று நமக்கே தெரியும். "பெரிசானா சரியாகிடும்", "மாறுகண் இருந்தா அதிர்ஷ்டம்மா", "எல்லாம் அந்த போனால வந்தது."

கண் மருத்துவம் சொல்வது வேறு. குழந்தைகளுக்கு வரும் பார்வைக் கோளாறுகளில் பலவற்றைச் சரிசெய்ய ஒரு கெடு இருக்கிறது. சிலவற்றுக்கு அது சில வாரம்தான், சிலவற்றுக்குச் சில வருடம். அந்தக் கெடு எப்போது முடிகிறது? அங்கன்வாடி, பள்ளிப் பரிசோதனைகள் அதற்குள் குழந்தையைக் கண்டுபிடித்துவிடுமா? வானூர் பக்கம் இருப்பவர்கள் எங்கே போகலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குழந்தை ஏன் தானா சொல்றதில்லை?

பெரியவர்களுக்குப் பார்வை மங்கினால் உடனே தெரிந்துவிடும். நேற்று தெரிந்த பஸ் போர்டு இன்று தெரியவில்லை என்று ஒப்பிட முடியும். பிறந்ததிலிருந்தே மங்கலாகப் பார்க்கும் குழந்தைக்கு ஒப்பிட எதுவும் கிடையாது. உலகமே இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும்.

இன்னொரு சிக்கல், கோளாறு ஒரு கண்ணில் மட்டும் இருப்பது. நல்லாத் தெரியும் கண் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும். குழந்தை ஓடும், விளையாடும், கீழே கிடக்கும் சின்ன மணியைக்கூடப் பொறுக்கும். வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. பல பேருக்கு இது தெரிய வருவதே டிரைவிங் லைசென்ஸுக்கோ வேலைக்கோ மெடிக்கல் டெஸ்ட் போகும்போதுதான்.

'சோம்பேறிக் கண்' என்றால் என்ன?

மருத்துவர்கள் ஆம்ப்ளியோபியா என்பார்கள். உலக அளவில் 100 குழந்தைகளில் 2, 3 பேருக்கு இது இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பெயரில்தான் கண் இருக்கிறது, சிக்கல் மூளையில் நடக்கிறது.

பிறந்த குழந்தையின் மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது. இரண்டு கண்ணிலிருந்தும் தெளிவான படம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பழகும். மாறுகண், பவர் வித்தியாசம், கண்புரை, கீழிறங்கிய இமை என ஏதோ ஒரு காரணத்தால் ஒரு கண்ணிலிருந்து மட்டும் மங்கலான படம் வந்தால், மூளை அந்தக் கண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். வருடக்கணக்கில் இப்படியே போனால், பிறகு கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் முழுசாகத் தெளியாது.

டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் 1960களில் பூனைக்குட்டிகளை வைத்து இதைக் காட்டினார்கள். பிறந்த புதிதில் ஒரு கண்ணை மூடி வைத்துப் பிறகு திறந்தபோது, அந்தக் கண்ணுக்கான மூளைப் பகுதி சரியாக வளரவில்லை. வளர்ந்த பூனைகளுக்கு அதே மாதிரி செய்தபோது அந்தப் பாதிப்பு வரவில்லை. பார்வை பற்றிய ஆராய்ச்சிகளுக்காக 1981-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வயது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கான விளக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

எதுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?

* குறைமாதக் குழந்தை: 34 வாரத்துக்கு முன்பு பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, விழித்திரையைப் பிறந்த 30 நாளுக்குள் பரிசோதிக்க வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு 2, 3 வாரத்திலேயே.
* பிறவிக் கண்புரை: கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரியும். பிறந்து 6 முதல் 8 வாரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால் பலன் அதிகம்.
* மாறுகண்: முதல் 3, 4 மாதம் கண் அவ்வப்போது அலைவது இயல்பு. 6 மாதத்துக்குப் பிறகும் ஒதுங்கினால் காட்டியே ஆக வேண்டும்.
* சோம்பேறிக் கண்: 7 வயதுக்குள் சிகிச்சை தொடங்குவது நல்லது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

'பெரிசானா சரியாகிடும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் பார்க்கலாம். சில குழந்தைகளுக்கு மூக்குத் தண்டு அகலமாக, தட்டையாக இருக்கும். கண் நேராக இருந்தாலும் மாறுகண் போலத் தெரியும். மூக்கு வளர வளர அந்தத் தோற்றம் மறைந்துவிடும். அதைப் பார்த்தவர்கள் எல்லா மாறுகண்ணும் தானாகச் சரியாகும் என்று நம்பிவிட்டார்கள். உண்மையான மாறுகண் எது, பொய்த் தோற்றம் எது என்பதைப் பரிசோதித்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

தாமதத்தால் என்ன ஆகும்? ஒரு சென்னை வழக்கு

1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-வது வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். சுமார் 25 நாள் இன்குபேட்டரில் இருந்து வீட்டுக்குப் போனது. அதன் பிறகும் பெற்றோர் குழந்தையை மருத்துவரிடம் காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாலரை மாதம் ஆனபோது வேறொரு மருத்துவர் பார்த்துச் சந்தேகப்பட்டார். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய் அதற்குள் முற்றியிருந்தது. குழந்தை பார்வையை இழந்தது.

குடும்பம் நீதிமன்றம் போனது. 2015 ஜூலை 1-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அப்போது அந்தப் பெண்ணுக்கு 18 வயது.

இந்த வழக்கில் பெற்றோர் எதையும் தவறவிடவில்லை. கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருப்பதே அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. குறைமாதத்தில் குழந்தை பிறந்த எந்தக் குடும்பமும் டிஸ்சார்ஜ் நாளில் கேட்க வேண்டிய அந்தக் கேள்வி: "ரெட்டினா டெஸ்ட் எந்தத் தேதியில எடுக்கணும்?" பதிலை டிஸ்சார்ஜ் பேப்பரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

போன் கேலரியை ஒருமுறை பாருங்க

ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண்ணின் நடுவே சிவப்பாகவும் மற்றொன்றில் வெள்ளையாகவும் தெரிந்தால் கவனம் தேவை. கண்புரை, விழித்திரைக் கோளாறு, அரிதாக ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோய்க்கும் இது அறிகுறியாக இருக்கலாம். அந்தப் புற்றுநோய் 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு வருகிறது, பெரும்பாலும் 5 வயதுக்குள். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரை மட்டுமல்ல, பல நேரங்களில் கண்ணையும் காப்பாற்றலாம்.

அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் பிரையன் ஷாவின் மகனுக்கு இந்த நோய் வந்தது. பழைய போட்டோக்களைப் புரட்டியபோது, நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே வெள்ளை ஒளி தெரிந்திருந்தது. அவர் குழு இதற்காக ஒரு ஆப் உருவாக்கியது. 2019-ல் வெளியான ஆய்வில், கண் நோய் உறுதியான 20 குழந்தைகளில் 16 பேரின் பழைய போட்டோக்களில் அந்த அறிகுறியை ஆப் கண்டுபிடித்தது. மருத்துவர் கண்டறிவதற்கு சராசரியாக 1.3 வருடம் முன்பு எடுத்த படங்கள் அவை.

இதைப் படித்துப் பதற வேண்டாம். குழந்தை பக்கவாட்டில் பார்க்கும்போது எடுத்தால் ஆரோக்கியமான கண்ணும் வெள்ளையாகத் தெரியலாம். இப்போதைய போன்களில் சிவப்பை நீக்கும் வசதி இருப்பதால் எதுவும் தெரியாமலும் போகலாம். அதனால் போட்டோவை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்கூல்லயே செக் பண்றாங்களே, அது போதாதா?

பாதி பதில்தான் 'ஆம்'. மத்திய அரசு 2013-ல் தொடங்கிய ஆர்பிஎஸ்கே என்ற சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறையும், அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் போக வேண்டும். பிறவிக் கண்புரை, பார்வைக் குறைபாடு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டில் 2009 முதல் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி தரப்படுகிறது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு ஓட்டை தெரிகிறது.

முதலாவது, வயது. சார்ட் வைத்துப் பார்க்கும் பள்ளிப் பரிசோதனைகள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கவனம் செலுத்துகின்றன. போர்டு தெரியாத கிட்டப்பார்வை மாணவர்களுக்கு அது சரி. சோம்பேறிக் கண்ணுக்கு 11 வயது தாமதம். அங்கன்வாடியில் ஒரே நாளில் பல குழந்தைகளைப் பார்க்கும் குழுவிடம், ஒரு கண்ணில் மட்டும் இருக்கும் கோளாறு தப்பிப்போக வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, தனியார் நர்சரிகள். 3 வயதில் ப்ரீ-கேஜி சேரும் குழந்தை அங்கன்வாடிப் பதிவில் இருக்காது. அரசுப் பள்ளியிலும் இருக்காது. வேலைக்குப் போகும் இளம் பெற்றோரின் குழந்தைகள் பலர் இந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள். ஃபீஸ் கட்டுகிறோம், பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது.

வானூரிலிருந்து எங்கே போறது?

வானூர் தாலுகா விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தாலும் புதுச்சேரியை ஒட்டி இருக்கிறது. அரசு முறையில் பரிந்துரை கிடைத்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போக வேண்டியிருக்கும். கிளியனூர், திருச்சிற்றம்பலம் கூட்ரோடு பக்கம் இருப்பவர்களுக்குப் புதுச்சேரிதான் பக்கம். கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் இருக்கிறது, தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. மாநில எல்லை தாண்டுவது சிகிச்சைக்குத் தடை இல்லை.

எங்கே போனாலும் 'குழந்தைகள் கண் பிரிவு' என்று கேட்டுப் போங்கள். எந்தப் பக்கம் போவது என்றே தெரியவில்லை என்றால் 104-க்கு போன் செய்து ஆலோசனை கேட்கலாம்.

அங்கே என்ன பண்ணுவாங்க?

"என் பொண்ணுக்கு இன்னும் ஏபிசிடியே தெரியாது, எப்படி டெஸ்ட் பண்ணுவாங்க?" என்று பலர் தயங்குகிறார்கள். எழுத்து தேவையில்லை. படம் போட்ட சார்ட் உண்டு. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, அது திரும்பும் விதத்தை வைத்தே பவர் கணக்கிடும் முறையும் உண்டு. கைக்குழந்தைக்குக்கூடச் செய்யலாம்.

சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். கருவிழி விரிவதால் அன்று வெயில் கூசும், கிட்டத்தில் மங்கலாகத் தெரியும். மருந்தைப் பொறுத்து சில மணி நேரம் முதல் சில நாள் வரை இருக்கலாம், பயப்பட வேண்டாம். கண்ணாடிக் கடை கம்ப்யூட்டர் டெஸ்ட்டை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான். குழந்தையின் கண் தன்னிச்சையாக ஃபோகஸை மாற்றிக்கொள்ளும் என்பதால், மருந்து விடாமல் பார்த்தால் பவர் தப்பாக வரலாம்.

சோம்பேறிக் கண் என்று உறுதியானால் கண்ணாடி, நல்ல கண்ணுக்குக் கொஞ்ச நேரம் ஒட்டுத்துணி, அல்லது நல்ல கண்ணை மங்கலாக்கும் சொட்டு மருந்து. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய 2003 ஆய்வில், மிதமான பாதிப்புக்குத் தினம் 2 மணி நேரம் ஒட்டினாலே 6 மணி நேரம் ஒட்டிய பலன் கிடைத்தது. 7 வயது தாண்டிவிட்டதே என்று கைவிடவும் வேண்டாம். அதே குழுவின் 2005 ஆய்வில் 7 முதல் 12 வயதுக் குழந்தைகளில் சிகிச்சை பெற்ற பாதிப் பேருக்கு மேல் முன்னேற்றம் இருந்தது. கண்ணாடி போட்டால் பெண் குழந்தையின் 'அழகு போயிடும்' என்று கழற்றி வைப்பதுதான் நஷ்டம். தாய்ப்பால், எண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். தொற்று வரலாம்.

இன்னைக்கே வீட்டில் என்ன பார்க்கலாம்?

குழந்தை கார்ட்டூனில் மூழ்கியிருக்கும்போது உள்ளங்கையால் ஒரு கண்ணை மெதுவாக மறையுங்கள். பிறகு மற்ற கண்ணை. ஒரு கண்ணை மறைத்தால் சும்மா இருந்து, இன்னொன்றை மறைத்தால் மட்டும் கையைத் தட்டிவிட்டால், திறந்திருந்த கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம். இரண்டு, மூன்று நாள் செய்து பாருங்கள். இதில் எதுவும் தெரியவில்லை என்றாலும் 3 வயதில் ஒருமுறை, பள்ளி சேரும்போது ஒருமுறை முழுப் பரிசோதனை செய்வது நல்லது. வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாறுகண், பெரிய பவர் இருந்திருந்தால் இன்னும் முன்பே.

போனைக் குறை சொல்வதிலும் ஒரு கவனம் வேண்டும். கிட்டத்திலேயே பார்ப்பதும் வெளியே விளையாடாததும் கிட்டப்பார்வையைக் கூட்டும். அதனால்தான் தைவான் 2010 முதல் பள்ளிக் குழந்தைகளைத் தினம் 2 மணி நேரம் வெளியில் இருக்க வைக்க முயல்கிறது. ஆனால் மாறுகண்ணும் கண்புரையும் போனைப் பிடுங்கினால் போகாது. "போனை நிறுத்திட்டோம், பார்ப்போம்" என்று ஆறு மாதம் காத்திருந்தால், அந்த ஆறு மாதம் கெடுவிலிருந்துதான் கழிகிறது.

பரிசோதித்து ஒன்றுமில்லை என்று வந்தால் ஒரு நாள் லீவு போனது, அவ்வளவுதான். ஏதாவது இருந்தால், சரிசெய்ய இன்னும் நேரம் இருக்கும்போதே தெரிந்துவிடும்.